கோளரியின் சாவி

நாகல் நகர், திண்டுக்கல்
15.9.2025

அன்புள்ள சைனம்பு டீச்சருக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? சனிக்கிழமை வாசகர் சந்திப்புக்கு நீங்கள் வர முடியாமல் போனதால் அங்கே நடந்ததை நானே சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் குரல் உடைந்துவிடும். அதனால்தான் காகிதம்.

மண்டபம் நிறைந்திருந்தது. ‘நீலப்பாறை’ நாவல் வரிசையைப் படிப்பவர்கள் எல்லாரும் முப்பதுக்கு உள்ளே. நரைத்த தலை என் கண்ணில் பட்டவரை நான் ஒருத்திதான். ஆசிரியரும் வந்திருந்தார். ‘கோளரி துரோகியா?’ என்பது தலைப்பு. ஐந்து வாசகர்கள், ஆளுக்கு மூன்று நிமிடம். நான் நாலாவது. பத்து நாளாகச் சமையலறையில் பேசிப் பேசிப் பழகியிருந்தேன்.

நான் பேசியது இதுதான். நீலப்பாறைக் கோட்டையில் சுவர், கிணறு, விளக்கு எல்லாவற்றுக்கும் மந்திரக் காவல் உண்டு. வடக்கு வாசலுக்கு மட்டும் வெறும் இரும்புப் பூட்டு. இரும்பை மந்திரம் தீண்டாது என்பதால் அந்த ஏற்பாடு. அதன் ஒரே சாவி காவல்காரன் கோளரியிடம் இருக்கிறது. நிழற்படை உள்ளே புகுந்து அரசி வெண்ணியைக் கொன்ற விடியலில் கோளரி வாசலருகே நிற்கிறான், சாவி அவன் இடுப்பில் தொங்குகிறது. அதை வைத்து எல்லாரும் அவனைத் துரோகி என்கிறார்கள். ஆனால் எங்கள் ஊரில் ஒரு வகைப் பூட்டு உண்டு. பூட்டினால்தான் அதிலிருந்து சாவியை உருவ முடியும். திறந்து கிடக்கும்போது சாவி வரவே வராது. சாவி இடுப்பில் இருந்தால் வாசல் பூட்டியிருக்கிறது. வாசல் பூட்டியிருந்தால் படை வேறு வழியாக வந்திருக்கிறது. கோளரி குற்றமற்றவன்.

முடித்துவிட்டு நிமிர்ந்தேன். நடுவிலிருந்து ஒரு குரல், “இதத்தான் நேத்தே பாத்துட்டோமே” என்றது. சிரிப்பு பரவியது. சந்திப்பை நடத்திய ஸ்ரீஹரி என்ற இளைஞர் பக்கத்தில் வந்து தணிந்த குரலில், “டீச்சர், இது கீர்த்தனா அக்கா வீடியோவுல சொன்ன தியரி. நேத்து போட்டாங்க, நாப்பதாயிரம் பேர் பாத்தாச்சு. ஒரு வார்த்தை அவங்க பேரச் சொல்லிட்டுப் பேசியிருக்கலாம்ல” என்றார். தணிந்த குரல்தான், ஆனால் மைக் என் கையில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. “பாட்டி யூட்யூபெல்லாம் பாக்குது பாருடி” என்றாள் ஒரு பெண். மைக்கைத் திருப்பிக் கொடுக்காமலே நான் வந்து உட்கார்ந்துவிட்டேன். ஒருவர் வந்து என் கையிலிருந்து அதை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவைத் தேடிப் பார்த்தேன். கீர்த்தனா உங்கள் மாடியில் குடியிருக்கும் பெண். போன வருஷம் உங்கள் வீட்டில் எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாளே, அவளேதான்.

நான் இந்த விஷயத்தை ஒரே ஒருவருக்குத்தான் எழுதினேன். ஆகஸ்ட் இருபதாம் தேதிக் கடிதத்தில், ‘சந்திப்பு வரை யாரிடமும் சொல்ல வேண்டாம்’ என்று அடிக்கோடிட்டு, உங்களுக்கு.

ஆய்வகத்தில் அமிலம் கொட்டிவிட்டால் முதலில் எந்தப் பாட்டில் என்று பார்ப்பேன். யார் கொட்டியது என்பதைப் பிறகுதான் கேட்பேன். இப்போதும் அப்படித்தான் கேட்கிறேன். அது எப்படி அங்கே போனது?

இப்படிக்கு,
ராமுத்தாய்


ஒட்டன்சத்திரம்
19.9.2025

டீச்சருக்கு,

கடிதம் வந்தது. படித்துவிட்டு எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. சிரித்தவர்கள் சின்னப் பிள்ளைகள். அவர்களுக்கு அடுத்த வாரம் சிரிக்க வேறு ஆள் கிடைக்கும். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கீர்த்தனா கெட்டிக்காரப் பெண். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் இந்தக் கோளரியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பாள். அவளுக்கே தோன்றியிருக்கலாம். பூட்டு திண்டுக்கல்லோடு முடிந்துவிடுகிறதா? இங்கே மார்க்கெட்டில் என் மகன் மன்சூரின் காய்கறி மண்டிக்கும் அதே பூட்டுதான் தொங்குகிறது. ஒரே விஷயம் இரண்டு பேருக்குத் தோன்றக் கூடாதா?

நான் அவளிடம் எதையும் கொடுக்கவில்லை.

நாலாம் பாகம் என்னிடம் இருக்கிறது. வேண்டுமென்றால் பழனி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

சைனம்பு


நாகல் நகர்
23.9.2025

அன்புள்ள சைனம்பு டீச்சருக்கு,

ஒரே விஷயம் இரண்டு பேருக்குத் தோன்றலாம். நானும் அப்படி நம்பத்தான் முயன்றேன். மூன்று நாள் முயன்றேன்.

மணிமேகலை, செல்லக்கிளி என்று இரண்டு பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அரைப்பரீட்சையில் இரண்டு பேரும் எல்லாக் கேள்விக்கும் சரியாக எழுதியிருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. படித்தவர்கள் எல்லாருக்கும் சரியான விடை ஒன்றுதானே. ஆனால் இரண்டு பேருமே இதயத்துக்கு ஐந்து அறைகள் என்று எழுதியிருந்தார்கள். அப்போதுதான் கூப்பிட்டு விசாரித்தேன். சரியான விடை எங்கிருந்தும் வரலாம். ஒரே தப்பு இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்று மற்றொன்றைப் பார்த்திருக்கிறது.

ஆகஸ்ட் கடிதத்தில், சாவி வரும் இடம் ‘412ஆம் பக்கம்’ என்று எழுதினேன். நாலாம் பாகம் உங்களிடம் இருந்ததால் ஞாபகத்தில் எழுதியது. பிறகு வாசகசாலையில் பார்த்தேன். அது 421. திருத்தி எழுத வேண்டுமென்று நினைத்துக்கொண்டே இருந்துவிட்டேன். 412இல் கோளரியே கிடையாது. குதிரைக்கு லாடம் அடிக்கிறார்கள்.

வீடியோவில் ஆறாவது நிமிடம் கீர்த்தனா சொல்கிறாள்: “நானூத்திப் பன்னெண்டாம் பக்கத்த எடுத்துப் பாருங்க.”

அவளை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. அறிமுகமில்லாத பெண் எனக்கு எப்படித் துரோகம் செய்ய முடியும்? தெரு நாய் கடித்தால் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடலாம். எனக்கு வலிப்பது வேறு. ஆறு வருஷமாக ஒரே பிரதியை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் படித்திருக்கிறோம். ஒருவர் விட்ட பக்கத்தைத் தாண்டி மற்றவர் படித்ததில்லை. கடைவீதியில் என் பையை உங்களிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போயிருக்கிறேன்.

கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு முறை எழுதுங்கள். எதை எழுதினாலும் படிக்கிறேன்.

ராமுத்தாய்


ஒட்டன்சத்திரம்
29.9.2025

டீச்சருக்கு,

கொடுத்தேன். கடிதத்தை அப்படியே அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை எப்போது போடுவாள் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. ஏன் கொடுத்தேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அந்தக் கடிதத்தில் எப்படி எழுதியிருந்தீர்கள்? ‘காலையில் பால் காய்ச்சும்போது எனக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது’ என்று. அதைப் படித்ததும் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு மாவரைக்கப் போனேன். அரைத்து முடித்துவிட்டு மறுபடி எடுத்துப் படித்தேன்.

என் அத்தா முப்பத்தெட்டு வருஷம் பூட்டுப் பட்டறையில் அரத்தால் இரும்பு ராவினார். சாவி எப்போது வரும், எப்போது வராது என்பது எனக்கு எழுத்துப் படிப்பதற்கு முன்பே தெரியும். அந்தப் பூட்டு விஷயத்தை நான்தான் உங்களுக்கு எழுதினேன். நாலாம் பாகம் வந்த வருஷம். தேடிப் பாருங்கள். நீங்கள் எதையும் தூக்கிப் போட மாட்டீர்கள்.

இது முதல் தடவையும் இல்லை. ஆண்டுவிழாவுக்கு அறுபது பிள்ளைகளுக்குப் பாவாடை தைக்கத் துணி போதவில்லையே, அந்த வருஷம். அகலவாக்கில் வெட்டி, இடுப்புக்கு வேறு துணி ஒட்டினால் எட்டு மீட்டர் மிச்சமாகும் என்று ஸ்டாஃப் ரூமில் டிபனைத் திறந்துகொண்டே சொன்னேன். கூட்டத்தில் நீங்கள் எழுந்து அதையே சொன்னீர்கள். “பாத்தீங்களா, சயின்ஸ் டீச்சர் எப்படி யோசிக்கிறாங்க” என்றார் பெரிய டீச்சர். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். உங்களைப் பார்த்து எனக்கு அன்றைக்குக் கோபம்கூட வரவில்லை. ஏனென்றால் நீங்கள் திருடவில்லை. நான் சொன்னதை நல்ல தமிழில் சொன்னீர்கள், அவ்வளவுதான். தையல் டீச்சர் பேச்சுக்கு யார் காது கொடுத்தார்கள்? வருகைப் பதிவேட்டில் எனக்குக் கையெழுத்துப் போடவே கடைசிப் பக்கம்தான்.

இந்தத் தடவை கோபம் வந்தது. என் அத்தாவின் பூட்டு அது.

சைனம்பு


நாகல் நகர்
6.10.2025

அன்புள்ள டீச்சருக்கு,

தேடினேன். உங்கள் கடிதங்கள் எல்லாம் பழைய பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. 2023 ஜூன் 11ஆம் தேதிக் கடிதத்தில் மூன்றாவது பத்தி, உங்கள் கையெழுத்தில்:

‘கோளரி இடுப்பில் சாவி இருக்கிறதே, கவனித்தீர்களா? எங்க அத்தா செய்த பூட்டில் பூட்டாமல் சாவி வராது. அப்போ அந்த வாசல் பூட்டித்தான் இருக்கு.’

அந்த வரியின் ஓரத்தில் நான் பென்சிலால் ஒரு டிக் போட்டிருக்கிறேன். விடைத்தாளுக்குப் போடுவதுபோல. போட்டுவிட்டு மறந்திருக்கிறேன். இரண்டு வருஷம் கழித்து அது என் மண்டையில் முளைத்ததாக நினைத்துக்கொண்டேன்.

எப்படி நடந்திருக்கும் என்று இரண்டு நாளாக யோசித்தேன். வகுப்பில் நான் ஒரு கேள்வி கேட்பேன். பின் பெஞ்சிலிருந்து பேச்சாயி, “வேரு தண்ணி குடிக்கும் டீச்சர்” என்பாள். நான் அதை வாங்கி, “ஆம், வேர்கள் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுகின்றன” என்று கரும்பலகையில் எழுதுவேன். நாற்பது பேரும் நான் சொன்னதைத்தான் நோட்டில் எழுதுவார்கள். பேச்சாயியும் அதையேதான் எழுதுவாள். முப்பத்தோரு வருஷம் இதைச் செய்திருக்கிறேன். அது கற்பிக்கும் முறை என்றுதான் நினைத்திருந்தேன். பிள்ளைகள் யாரும் வந்து, ‘அது நான் சொன்னது’ என்று கேட்டதில்லை. நீங்களும் கேட்டதில்லை.

மன்னித்துக்கொள்ளுங்கள். பாவாடைக்கும் சேர்த்து.

ஆனால் டீச்சர், ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆகஸ்டில் ஒரு கார்டு போட்டிருக்கலாம். ‘ராமுத்தாய், அது என்னுடையது’ என்று ஒரே வரி. நான் மேடையில் உங்கள் பேரைச் சொல்லியிருப்பேன். நான் அங்கே போய் நிற்கப்போகிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

தப்பை நான் சரி செய்துவிட்டேன். வீடியோவுக்குக் கீழே என் பெயரிலேயே எழுதினேன். இது கீர்த்தனாவின் யோசனையும் இல்லை, என் யோசனையும் இல்லை, ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை சைனம்பு அவர்கள் 2023லேயே எழுதியது என்று. உங்கள் கடிதத்தைப் படம் எடுத்து ஸ்ரீஹரிக்கும் அனுப்பிவிட்டேன். அவர் வாசகர் குழுவில் போட்டிருக்கிறார். எல்லாரும் உங்களை வாழ்த்தியிருக்கிறார்கள். உங்களுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது என்று நேற்றுத்தான் கொஞ்சம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ராமுத்தாய்


ஒட்டன்சத்திரம்
10.10.2025

டீச்சருக்கு,

நிம்மதியாகச் சாப்பிட்டதில் சந்தோஷம். இங்கே மாடியில் நாலு நாளாக அடுப்பு பற்றவில்லை.

நீங்கள் போட்டதற்குக் கீழே அறுநூறு பேர் எழுதியிருக்கிறார்கள். ‘கிழவியிடம் திருடியவள்’ என்று ஒருவன். ‘கோளரி துரோகியோ இல்லையோ, நீ துரோகி’ என்று இன்னொருவன். அதற்கு ஆயிரம் பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். அவள் புருஷன் வேலை செய்கிற கடையிலும் கேட்டிருக்கிறார்கள். வீடியோவை நீக்கிவிட்டாள். நேற்று மாடிப்படியில் என்னைப் பார்த்து, “ஏனுங்கம்மா, நீங்கதானுங்க குடுத்தீங்க. நான் உங்க பேரையும் சொல்லட்டுங்களான்னு கேட்டேன்ல. வேண்டான்னீங்க. இப்ப நாந்தானுங்க திருடியா?” என்று கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். வேறு வீடு பார்க்கிறார்கள்.

அவள் பிழை ஒன்றுமில்லை. கொடுத்ததை வாங்கினாள்.

என் பேரைப் போட வேண்டும் என்று நான் உங்களைக் கேட்டேனா? என் கடிதத்தை ஊருக்குக் காட்டலாமா என்று நீங்கள் என்னைக் கேட்டீர்களா? மன்சூரின் மண்டிக்குத் தக்காளி ஏற்ற வந்த ஆள், “ஒங்கம்மா எழுதுன லெட்டரு செல்லுல வந்துச்சு பாய்” என்கிறான். அந்தத் தாளில் பூட்டைப் பற்றி மட்டுமா இருந்தது? அதற்கு மேலே, மருமகளோடு எனக்கு ஒத்துப்போகவில்லை என்று நாலு வரி இருந்தது. படிக்கவில்லையா? அவள் படித்துவிட்டாள்.

மறுபடியும் என் விடையை வாங்கி நீங்களே கரும்பலகையில் எழுதிவிட்டீர்கள். இந்தத் தடவை அடியில் என் பேரையும் எழுதினீர்கள். அது ஒன்றுதான் வித்தியாசம்.

சைனம்பு


நாகல் நகர்
15.10.2025

அன்புள்ள டீச்சருக்கு,

அந்த நாலு வரியை நான் பார்க்கவில்லை. பூட்டு வரியை மட்டும்தான் பார்த்தேன். உங்கள் மருமகளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஸ்ரீஹரியிடம் அந்தப் படத்தைக் குழுவிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டேன். நீக்கிவிட்டார். பார்த்தவர்கள் பார்த்ததுதான்.

கீர்த்தனாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவள் படிக்காவிட்டாலும் சரி.

இந்தக் கடிதத்துக்கு மூன்று நாளாக உதாரணம் தேடினேன். கிடைத்த இரண்டையும் அடித்துவிட்டேன். எதைச் சொன்னாலும் நான் உங்களுக்குப் பாடம் நடத்துவதுபோலவே வருகிறது.

உங்களை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? இந்த ஊரில் எனக்குப் பேச ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு, ‘அவங்க இதுக்கு என்ன சொல்வாங்க’ என்று நினைக்க வேறு ஆள் இல்லை. இப்போது யோசித்தால், அப்படி நினைப்பேனே தவிர உங்களிடம் கேட்டதே இல்லை. ஆறு வருஷமாக என் கட்சியை எழுதுவேன். நீங்கள் ஒரு வரி சொன்னால் அதையும் என் கட்சியில் சேர்த்துக்கொள்வேன்.

ஐந்தாம் பாகம் அடுத்த மாதம் வருகிறது. அதற்கு முன் கேட்கிறேன். கோளரியைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? நான் இடையில் பேச மாட்டேன்.

ராமுத்தாய்


ஒட்டன்சத்திரம்
21.10.2025

டீச்சருக்கு,

கேட்டதால் சொல்கிறேன். கோளரி துரோகிதான். முதலிலிருந்தே நான் அப்படித்தான் நினைக்கிறேன். 2023இல் நீங்கள் ‘அப்புறம்?’ என்று கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

சாவி இடுப்பில் இருந்தால் வாசல் பூட்டியிருக்கிறது. சரி. ஆனால் விடியும்போது பூட்டியிருந்தது என்றால் அதற்கு முன் திறக்கவே இல்லை என்று யார் சொன்னது? திறந்து விட்டிருக்கிறான். படை உள்ளே போயிருக்கிறது. திரும்பப் பூட்டி, சாவியை உருவி, இடுப்பில் செருகிக்கொண்டு எப்போதும் நிற்கிற இடத்தில் வந்து நின்றிருக்கிறான். வேலை தெரிந்தவன் கை அது, பூட்டாமல் வராது. துரோகம் செய்கிறவன் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஓடுவான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நிதானமாகச் செய்துவிட்டு, மறுநாள் முகம் கழுவிக்கொண்டு வேலைக்கு வரவும் முடியும். கெட்டவனாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. இத்தனை வருஷம் வாசலில் நின்றவனை உள்ளே யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாலு பாகத்திலும் அரசி அவனிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கிறாளா, பாருங்கள்.

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்றால், நான் செய்திருக்கிறேன்.

எப்போது போடுவாள் என்று தெரியாது என்று எழுதினேனே, அது பொய். வெள்ளிக்கிழமை போடு என்று நான்தான் கீர்த்தனாவிடம் சொன்னேன். முழங்கால் வலியும் பொய். சனிக்கிழமை பத்தரை மணி பஸ்ஸில் வந்தேன். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் அந்த அரக்குச் சேலை கட்டியிருந்தீர்கள். நன்றாகப் பேசினீர்கள். அவர்கள் சிரித்தபோது, ‘அது எங்க ரெண்டு பேரோடது’ என்று எழுந்து சொல்லியிருந்தால் போதும். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். மைக் கையில் இருப்பதே தெரியாமல் நீங்கள் நடந்து வந்தீர்கள். அப்போதும் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் இனிப்பாகக்கூட இருந்தது. பிறகு பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, அஸர் தொழுதுவிட்டு, வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கினேன். ஒன்றும் நடக்காததுபோல.

நேற்று கீர்த்தனாவிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு மேலே போய்விட்டாள். இன்று உங்களிடம் சொல்கிறேன்.

இனி எழுதுவதும் எழுதாததும் உங்கள் இஷ்டம். எழுதாவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு இளகிய மனசு. இதைப் படித்துவிட்டு, ‘பாவம், ஏதோ மனவருத்தத்தில் அப்படி நடந்துகொண்டார்’ என்று உங்கள் தமிழில் மாற்றிக்கொள்வீர்கள். அப்படி மாற்றினால் மன்னிக்கவும் செய்வீர்கள். வேண்டாம். நான் தெரிந்து செய்தேன், பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று எழுதியிருக்கிறேன். அது நான் சொன்னபடியே இருக்கட்டும்.

சைனம்பு